கல்லா நிறைகிறது, லாபம் எங்கே? உணவகச் செலவுக் கணக்கின் அரிச்சுவடி

மாவட்டத் தலைநகர் ஒன்றில், பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், நடுத்தரமான ஒரு சைவ உணவகம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். காலையில் டிபன், மதியம் சாப்பாடு, மாலையில் வடையும் காபியும், இரவு மறுபடி டிபன். மாதம் 9 லட்சம் ரூபாய் வியாபாரம். வேலையாட்கள் 14 பேர். கட்டுரை முழுக்க இந்த ஒரு கடையை வைத்தே பேசப்போகிறேன். கடையும் அதன் எண்களும் கணக்கு புரிவதற்காக வைத்துக்கொண்டவை. விலைகள் ஊருக்கு ஊர் மாறும், ஆனால் கணக்குப் போடும் முறை எங்கும் ஒன்றுதான்.

இந்த மாதிரிக் கடைகளில் பெரும்பாலும் நடக்கும் கணக்கு இப்படி இருக்கும். இரவு கல்லாவை எண்ணுகிறார்கள். காய்கறிக்காரர், பால்காரர், வாழையிலைக்காரர் ஆகியோருக்குக் கொடுத்ததைக் கழிக்கிறார்கள். மிச்சம் இன்றைய லாபம். ஆனால் அரிசி மூட்டை இந்த மாதம் 2ஆம் தேதியே வந்து இறங்கிவிட்டது. மளிகைக் கடைப் பாக்கி மாதக் கடைசியில்தான் கேட்பார்கள். சம்பளம் அடுத்த மாதம் 5ஆம் தேதி. பில்லில் வாங்கிய ஜிஎஸ்டி நம் பணமே இல்லை, அரசுக்குப் போக வேண்டியது. எனவே இரவில் எண்ணிய மிச்சம் லாபம் அல்ல. அந்தப் பணம் அன்று கையில் இருந்தது என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த கடை திடீரென்று கைமாறுவதைப் பார்த்திருப்பீர்கள். பல சமயம் கூட்டம் குறைந்திருக்காது. கணக்குத்தான் இருந்திருக்காது.

வாங்கியது வேறு, தீர்ந்தது வேறு

உணவுச் செலவு என்றால் இந்த மாதம் எவ்வளவுக்கு வாங்கினோம் என்பதல்ல, எவ்வளவு தீர்ந்தது என்பது. அதைக் கண்டுபிடிக்க மாதத் தொடக்கத்தில் ஸ்டோரில் இருந்த சரக்கின் மதிப்போடு இந்த மாதம் வாங்கியதைக் கூட்டி, மாதக் கடைசியில் மிச்சம் இருப்பதைக் கழிக்க வேண்டும்.

நம் கடையில் தொடக்கச் சரக்கு 85,000 ரூபாய். வாங்கியது 3,60,000. கடைசியில் இருப்பு 70,000. ஆக, தீர்ந்தது 3,75,000 ரூபாய். இதில் வேலையாட்கள் மூன்று வேளை சாப்பிட்டதும் அடக்கம். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 75 ரூபாய் என்றால், 14 பேருக்கு 30 நாளில் 31,500. அது வாடிக்கையாளருக்குப் போன சாப்பாடு இல்லை, சம்பளத்தின் ஒரு பகுதி. எனவே இங்கே கழித்து ஆள் செலவில் சேர்க்க வேண்டும். மீதி 3,43,500 ரூபாய். ஜிஎஸ்டி நீக்கிய விற்பனை 9,00,000. உணவுச் செலவு 38.2 சதவீதம்.

இது நல்லதா, மோசமா? உணவக நிர்வாகம் படித்தவர்கள் 30 முதல் 35 சதவீதம் வரை இருக்கலாம் என்று ஓர் எண்ணைச் சொல்வார்கள். அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பேன். சாம்பாரும் சட்னியும் கேட்கக் கேட்க ஊற்றும் கடைக்கும், கறிக்குழம்பைத் தனியாக விற்கும் கடைக்கும், பிரியாணிக் கடைக்கும் ஒரே எண் எப்படிப் பொருந்தும்? 40 ரூபாய் இட்லிக்கு 14 ரூபாய் செலவானால் 35 சதவீதம், கையில் நிற்பது 26 ரூபாய். 220 ரூபாய் பிரியாணிக்கு 105 ரூபாய் செலவானால் கிட்டத்தட்ட 48 சதவீதம், கையில் நிற்பது 115 ரூபாய். சதவீதத்தை மட்டும் பார்த்தால் பிரியாணி மோசமான சரக்காகத் தெரியும். ஆனால் வாடகையும் சம்பளமும் ரூபாயில்தான் கொடுக்கிறோம். சதவீதம் உங்கள் கடையின் போன மாதத்தோடு இந்த மாதத்தை ஒப்பிடத்தான் உதவும். பக்கத்துக் கடையோடு ஒப்பிட உதவாது.

ஒரு தட்டு இட்லியின் கணக்கு

சமையலறையில் போய், "மாஸ்டர், இன்னைக்கு எவ்வளவு பருப்பு போட்டீங்க?" என்று கேளுங்கள். "எப்பவும் போடுறதுதான் முதலாளி" என்று பதில் வரும். அவர் பொய் சொல்லவில்லை. அளவு அவர் கையில் இருக்கிறது. ஆனால் அவர் ஊருக்குப் போகும் வாரத்தில் அந்தக் கையும் கூடவே போய்விடும். அதனால் ஒவ்வொரு பண்டத்துக்கும் அளவை எழுதிவைப்பதுதான் முதல் வேலை. மாஸ்டரோடு உட்கார்ந்து, தராசை வைத்து, அவர் கை அள்ளுவதை நிறுத்து எழுத வேண்டும். அவர் சமையலைத் திருத்தும் வேலை இது இல்லை என்பதை முதலிலேயே அவருக்குச் சொல்லிவிடுவது மரியாதை.

இட்லியை எடுத்துக்கொள்வோம். 4 கிலோ இட்லி அரிசி, கிலோ 45 ரூபாய் வீதம் 180. உளுந்து 1 கிலோ 130. வெந்தயம், உப்பு 10. மொத்தம் 320 ரூபாய்க்கு 250 இட்லி வருவதாக வைத்தால் ஓர் இட்லி 1 ரூபாய் 28 காசு. இரண்டு இட்லிக்கு 2 ரூபாய் 56 காசு.

இதோடு கணக்கை முடிப்பவர்கள் இட்லியில் கொள்ளை லாபம் என்று சொல்லிக்கொண்டு திரிவார்கள். தட்டை முழுதாகப் பார்க்க வேண்டும். தேங்காய்ச் சட்னிக்கு, மறுமுறை ஊற்றுவதையும் சேர்த்து, ஒரு தேங்காய் 10 தட்டுக்கு வரும் என்றால், தேங்காய் 35 ரூபாய், பொட்டுக்கடலை, மிளகாய், தாளிப்பு எல்லாம் சேர்த்துத் தட்டுக்கு 4.50. காரச் சட்னி 1.50. சாம்பார் 10 லிட்டர் வைக்கத் துவரம் பருப்பு 130, காய் 60, புளி, பொடி, எண்ணெய், பெருங்காயம் 110 என்று 300 ரூபாய், அதாவது லிட்டர் 30 ரூபாய். தட்டுக்கு 150 மில்லி ஊற்றினால் 4.50. இலை 1 ரூபாய். ஆக மொத்தம் 14 ரூபாய் 6 காசு.

இட்லி என்ற பெயரில் விற்கும் தட்டில் இட்லியின் பங்கு ஐந்தில் ஒன்றுகூட இல்லை. செலவெல்லாம் நாம் காசு வாங்காமல் ஊற்றும் சாம்பாரிலும் சட்னியிலும் இருக்கிறது. 2025இல் தேங்காய் விலை ஏறியபோது டிபன் கடைகள் திணறியதற்குக் காரணம் இதுதான். அரிசி விலை ஏறியிருந்தால் அந்த அளவுக்குத் திணறியிருக்க மாட்டார்கள்.

இதே கணக்கை இன்னும் கொஞ்சம் நீட்டிப் பார்ப்போம், ஏனென்றால் செலவுக் கட்டுப்பாடு பற்றி நான் சொல்ல வந்ததன் மையம் இங்கேதான் இருக்கிறது. கடையில் ஒரு நாளைக்கு 300 தட்டு இட்லி போகிறது. முதலாளி அரிசி மண்டியில் அரை நாள் பேரம் பேசிக் கிலோவுக்கு 2 ரூபாய் குறைக்கிறார். 600 இட்லிக்கு 9.6 கிலோ அரிசி. நாளுக்கு 19 ரூபாய், மாதத்துக்கு 576 ரூபாய் மிச்சம். அதே நேரம் பரிமாறுபவர் கரண்டி பெரியதாக இருப்பதால் ஒவ்வொரு தட்டிலும் 50 மில்லி சாம்பார் கூடுதலாக ஊற்றுகிறார், அது தட்டிலேயே மிஞ்சிக் கழிவுத் தொட்டிக்குப் போகிறது. தட்டுக்கு 1.50, நாளுக்கு 450, மாதத்துக்கு 13,500 ரூபாய்.

பேரம் பேசுவது தப்பில்லை. ஆனால் பணம் போகும் இடம் அளந்து பார்க்காமல் தெரியாது. இதற்குத் தீர்வு 'சாம்பார் ஒரு தடவைதான்' என்று எழுதிப் போடுவது இல்லை. கேட்டவருக்கு முகம் சுளிக்காமல் ஊற்றுவது தமிழ்நாட்டு டிபன் கடையின் மானம், அதைக் கெடுத்துச் சேர்க்கும் காசு நிலைக்காது. சின்னக் கரண்டி வாங்குங்கள். முதலில் கொஞ்சமாக ஊற்றி, வாளியோடு இரண்டு நிமிடத்தில் மறுபடி மேசைக்கு வரச் சொல்லுங்கள். வாடிக்கையாளருக்குக் கவனிப்பு கூடியதாகவே தோன்றும், தொட்டிக்குப் போவது குறையும்.

முழுச் சாப்பாட்டுக்கும் இதே கேள்வி வரும். அளவுச் சாப்பாடு என்றால் கிண்ணங்கள் அளவைச் சொல்லிவிடும். முழுச் சாப்பாட்டில் ஒருவர் சாதம் ஒரு தடவையும் இன்னொருவர் நான்கு தடவையும் வாங்குவார். அங்கே ஆளுக்கு ஆள் கணக்குப் பார்க்க முடியாது, பார்க்கவும் கூடாது. ஒரு நாள் சமைத்ததன் மொத்தச் செலவிலிருந்து மிஞ்சி மறுவேளைக்குப் பயன்படுவதைக் கழித்து, அன்று எத்தனை இலை போட்டோமோ அதால் வகுத்தால் இலைக்கு இவ்வளவு என்று வரும். இரண்டு மூன்று வாரம் எழுதினால் அந்தச் சராசரி வியக்கும் அளவுக்கு ஆடாமல் நிற்பதைப் பார்க்கலாம். அது திடீரென்று ஏறும் நாளில்தான் விசாரிக்க வேண்டும்.

பின்வாசல் தராசு

விலை குறைந்த பொருள் எப்போதும் மலிவான பொருள் ஆகாது. சின்ன வெங்காயம் நல்ல பருமனாகக் கிலோ 60 ரூபாய். உரித்தால் 15 சதவீதம் கழிவு என்றால் சமையலுக்கு வரும் வெங்காயம் கிலோ 70.60. பக்கத்தில் பொடி வெங்காயம் 50 ரூபாய்க்குக் கிடைக்கிறது, அதில் தோலும் அழுகலும் 30 சதவீதம் போனால் கிலோ 71.40. விலை ஒன்றாகிவிட்டது, கூடவே உரிக்கிறவருக்கு இரண்டு மடங்கு வேலை. கீரை, முருங்கைக்காய், காலிஃபிளவர், கோழி, மீன் எல்லாவற்றுக்கும் கழிவு போக எவ்வளவு நிற்கிறது என்று ஒரு தடவையாவது நிறுத்துப் பார்த்து எழுதிவைக்க வேண்டும்.

பின்வாசலில் ஒரு தராசு இல்லாத கடையில் மற்ற எந்தக் கணக்கும் நிற்காது. சரக்கு வந்ததும் நிறுக்க வேண்டும், சாக்கின் எடையைக் கழிக்க வேண்டும், கோழியை நீர் வடித்து நிறுக்க வேண்டும், பால் பாக்கெட்டை எண்ண வேண்டும், பேசிய விலைதான் பில்லில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கையெழுத்துப் போடுபவர் ஒருவர், ஆர்டர் கொடுப்பவர் இன்னொருவராக இருந்தால் நல்லது. ஸ்டோருக்குள் பழைய சரக்கு முன்னால், புதிய சரக்கு பின்னால்.

விலை திடீரென்று ஏறும் காலத்தில் எழுதிவைத்த அளவுகளின் அருமை தெரியும். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டிப் போனது, தமிழ்நாடு அரசு ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றது. 2019 கடைசியில் பெரிய வெங்காயமும் 100ஐத் தாண்டியது. எந்தப் பண்டத்தில் எவ்வளவு தக்காளி போகிறது என்று தெரிந்த கடைக்காரர் தக்காளிச் சட்னியைப் புதினாச் சட்னியாக மாற்றிவிட்டு, தக்காளி சாதத்தைக் கொஞ்ச நாள் நிறுத்திவைப்பார். ரசத்தில் கைவைக்க மாட்டார், ஏனென்றால் அங்கே குறைத்தால் மிச்சம் சொற்பம், கெடும் பெயர் பெரிது. தெரியாதவர் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார். எதிலும் ருசி இருக்காது.

எண்ணெய் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். பொரித்த எண்ணெயை மறுபடி மறுபடி சுடவைப்பதைச் சிக்கனம் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். திரும்பத் திரும்பச் சுடும்போது எண்ணெய் சிதைந்து அதில் உருவாகும் போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் விதி 2018 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். நம் கடை வடையைத் தின்பது பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை. அந்தச் செலவைக் கட்டுப்படுத்த வேண்டிய இடம் அது இல்லை. தேவைக்கு மேல் மாவு பிசையாமல் இருப்பதில், சட்டியின் அளவைக் குறைப்பதில், வாணலியில் மிதக்கும் தூளை அவ்வப்போது அரித்து எடுப்பதில் எண்ணெய் மிச்சமாகும்.

எவ்வளவு சமைப்பது?

வீணாவதில் பெரும்பங்கு சமைத்து மிஞ்சுவது. அளவை முன்கூட்டிச் சொல்ல நம்மிடம் ஒரு நல்ல கருவி சுவரிலேயே தொங்குகிறது, தினசரிக் காலண்டர். முகூர்த்த நாளில் மண்டபத்துப் பந்திக்குப் போகிறவர்கள் கடைக்கு வரமாட்டார்கள், ஆனால் வெளியூரிலிருந்து வரும் கூட்டத்தால் காலை டிபன் எகிறும். அமாவாசை, கிருத்திகை, வெள்ளிக்கிழமைகளில் சைவக் கடைக்குக் கூட்டம் கூடும். புரட்டாசியில் பிரியாணிக் கடைக்காரர் பாதி அண்டாதான் ஏற்றுவார். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் போகும் சாலையோரக் கடைகளுக்கு நள்ளிரவிலும் வேலை இருக்கும். பள்ளித் தேர்வு, ஊர்த் திருவிழா, ரம்ஜான் மாதத்தின் மாலைகள், மழை என்று எல்லாமே கணக்குத்தான். ஒவ்வொரு நாளும் எத்தனை இலை, எத்தனை தட்டு, எது எத்தனை மணிக்குத் தீர்ந்தது, எது எவ்வளவு மிஞ்சியது என்று அந்தத் தேதிக் கட்டத்திலேயே எழுதிவையுங்கள். அடுத்த வருடம் அதே நாள் வரும்போது மாஸ்டரும் நீங்களும் ஊகித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

பால் எங்கே போனது?

இப்போது இந்தத் தொழிலின் மிக முக்கியமான கணக்குக்கு வருவோம். ஒவ்வொரு பண்டத்துக்கும் அளவு எழுதிவிட்டோம். இந்த மாதம் எது எத்தனை விற்றது என்று பில் மெஷின் சொல்லும். இரண்டையும் பெருக்கிக் கூட்டினால் எவ்வளவு செலவாகி இருக்க வேண்டும் என்று கிடைக்கும். நம் கடைக்கு அது 3,10,000 ரூபாய் என்று வருகிறது. உண்மையில் ஆனது 3,43,500. நடுவில் 33,500 ரூபாய், விற்பனையில் 3.7 சதவீதம். 38.2 என்ற எண்ணைப் பார்த்து அரிசியில், பருப்பில் என்று எங்கெங்கோ குறைக்கக் கிளம்ப வேண்டாம். நீங்கள் துரத்த வேண்டியது இந்த 33,500ஐத்தான்.

இந்த இடைவெளியைப் பார்த்ததும் முதலாளிமார் மனதில் வரும் முதல் சொல் திருட்டு. அதைக் கடைசியில் வைக்கச் சொல்வேன். பெரிய கரண்டி, அழுகிய காய், கீழே ஊற்றியது, பில் போடாமல் போன பார்சல், சொந்தக்காரர்களுக்குக் கொடுத்தனுப்பியது, சரக்கு வந்தபோது எடை குறைந்தது, எழுத மறந்தது ஆகிய இத்தனையையும் பார்த்து முடித்த பிறகுதான் ஓர் ஆளை நிமிர்ந்து பார்க்க வேண்டும். அளவே எழுதாத கடையில் ஒருவரைச் சந்தேகிப்பது அநியாயம். அவரிடம் நீங்கள் அளவைச் சொல்லவே இல்லையே.

எல்லாப் பொருளையும் தினமும் எண்ண முடியாது. விலை கூடிய, சீக்கிரம் தீரும் ஏழெட்டுப் பொருள்களை மட்டும் தினமும் எண்ணுங்கள்: பால், நெய், எண்ணெய், பன்னீர், முந்திரி, தேங்காய், காபித்தூள். முதலில் பாலில் தொடங்கலாம். காபி, டீ ஒன்றுக்கு 110 மில்லி பால் என்றால் ஒரு லிட்டருக்கு 9 டம்ளர். அன்று 300 டம்ளருக்குப் பில் விழுந்திருக்கிறது, 33 லிட்டர் போயிருக்க வேண்டும். தீர்ந்தது 40 லிட்டர். 7 லிட்டர் எங்கே? தயிருக்கு உறை ஊற்றியது 3 லிட்டர், வேலையாட்கள் குடித்த டீ 2 லிட்டர் என்று எழுதியிருந்தால் கவலை இல்லை, அவை வேறு கணக்கில் சேரும். மிச்சம் 2 லிட்டர் பொங்கி வழிந்திருக்கலாம், டோக்கன் இல்லாமல் போயிருக்கலாம், டீ மாஸ்டரின் கை தாராளமாக இருந்திருக்கலாம். லிட்டர் 55 ரூபாய் என்றால் நாளுக்கு 110, மாதத்துக்கு 3,300 ரூபாய். தினமும் கேட்கிறார்கள் என்று தெரிந்தாலே இந்த இரண்டு லிட்டர் ஒன்றாகக் குறையும்.

பானங்களில் விலை சின்னது, டம்ளர் சின்னது, அதனால் அலட்சியம் பெரியது. பாலும் தூளும் ஏறும்போது அந்த அலட்சியம் சுடும். 2024, 2025 ஆண்டுகளில் காபிக்கொட்டை விலை உலகச் சந்தையில் முன்னெப்போதும் இல்லாத உச்சத்துக்குப் போனது. டிகாக்‌ஷனுக்கு இவ்வளவு தூள், இவ்வளவு தண்ணீர், முதல் டிகாக்‌ஷனில் இவ்வளவு இறங்க வேண்டும் என்று அளவுக் குவளையோடு வேலை செய்த கடைகளுக்கு எப்போது 2 ரூபாய் ஏற்ற வேண்டும் என்று தெரிந்திருக்கும்.

மது விற்கும் ஹோட்டல்களுக்கும் அடிப்படை இதேதான், இன்னும் துல்லியமாக. தமிழ்நாட்டில் பார் உரிமம் பெற்ற ஹோட்டல்கள் டாஸ்மாக்கிடம்தான் சரக்கு எடுக்க வேண்டும், எனவே கொள்முதல் விலையில் பேரத்துக்கு இடமில்லை. எல்லாம் ஊற்றுவதில்தான். 750 மில்லி பாட்டிலில் 30 மில்லி பெக் 25 வரும். அளவுக் கோப்பை இல்லாமல் கைப்பழக்கத்தில் 33 மில்லி ஊற்றினால் 22 பெக்தான் முழுதாக வரும். பாட்டிலுக்குக் கிட்டத்தட்ட இரண்டேகால் பெக் காணாமல் போகிறது, யாரும் திருடாமலே. அதனால்தான் பார்களில் இரவு கடை மூடும்போது திறந்த பாட்டில்களையும் அளந்து எழுதுகிறார்கள்.

ஆள் செலவு என்பது சம்பளம் மட்டும் இல்லை

நம் கடையில் 14 பேருக்குச் சராசரி 15,000 என்று சம்பளம் 2,10,000 ரூபாய். மேலே கழித்துவைத்த சாப்பாடு 31,500. தங்கும் அறை வாடகை 12,000. பத்துப் பேருக்கு மேல் இருப்பதால் இஎஸ்ஐ என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீடு உண்டு. 2019 ஜூலையிலிருந்து முதலாளியின் பங்கு 3.25 சதவீதம், அது 6,825. இருபது பேரைத் தொட்டால் வருங்கால வைப்பு நிதியும் சேரும். ஆக 2,60,325 ரூபாய், விற்பனையில் 28.9 சதவீதம். தீபாவளி போனஸ், துணி, ஊருக்குப் போக டிக்கெட், திரும்பி வராத அட்வான்ஸ் ஆகியவற்றை இன்னும் சேர்க்கவில்லை. அவற்றையும் பன்னிரண்டால் வகுத்து மாதக் கணக்கில் வைப்பது நேர்மையான முறை.

உணவும் ஆளும் சேர்ந்த செலவுக்குத் தொழிலில் பிரைம் காஸ்ட் என்று பெயர். நம் கடைக்கு 67.1 சதவீதம். மேல்நாட்டு உணவகங்களில் இது 60 முதல் 65க்குள் இருக்கட்டும் என்பது பழைய வழக்கு. மிச்சம் உள்ள 33 சதவீதத்தில் வாடகை, 19 கிலோ கேஸ் சிலிண்டர்கள், மின்சாரம், ரிப்பேர், வட்டி எல்லாம் முடிய வேண்டும். இன்னொன்றும் உண்டு. சாதாரண உணவகங்கள் 5 சதவீத ஜிஎஸ்டி முறையில் 2017 நவம்பர் முதல் உள்ளீட்டு வரியை, அதாவது பொருள் வாங்கும்போது கட்டிய வரியை, திரும்ப எடுக்க முடியாது. சிலிண்டருக்குக் கட்டும் 18 சதவீதம் முழுக்க நம் செலவு. வாங்கும் விலையை எழுதும்போது வரியோடு எழுத வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

ஆள் செலவைக் குறைக்க வேண்டும் என்றதும் சம்பளத்தில் கைவைப்பவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். தோசை மாஸ்டருக்கு 2,000 ரூபாய் குறைத்துக் கொடுத்தால் அவர் எதிர்க் கடைக்குப் போய்விடுவார். புது ஆள் கை பழகும்வரை மாவு வீணாகும், தோசை கருகும், காத்திருந்தவர் எழுந்து போவார். அந்த இரண்டு வாரத்தில் போவது ஒரு வருட மிச்சத்தைத் தின்றுவிடும். உண்மையில் பணம் கரைவது ஆள் நிற்கும் நேரத்துக்கும் வேலை இருக்கும் நேரத்துக்கும் உள்ள பொருத்தமின்மையில்தான்.

பில் மெஷினில் மணிவாரியாக எத்தனை பில் விழுந்தது என்று எடுக்கலாம். காலை 7 முதல் 10, மதியம் 12.30 முதல் 3, இரவு 7 முதல் 10 என்று மூன்று மலை தெரியும், நடுவில் பள்ளம். 11 மணிக்கு நான்கு சப்ளையர்கள் தூணில் சாய்ந்து நிற்பார்கள், 8.30க்கு இலை எடுக்க ஆள் இருக்காது. வெங்காயம் உரிப்பது, காய் நறுக்குவது, மாவு அரைப்பது, பொட்டலம் மடிப்பது ஆகிய வேலைகளைப் பள்ளத்துக்குத் தள்ளினாலே பாதிப் பிரச்சினை தீரும். கூட்ட நேரத்துக்கு மட்டும் அக்கம்பக்கத்துப் பெண்கள் மூன்று நான்கு மணி நேரம் வந்து போகும் ஏற்பாடு பல ஊர்களில் நன்றாக நடக்கிறது. வீட்டு வேலையும் கெடாது, கடைக்கும் முழுநாள் சம்பளம் இல்லை.

ஒரே ஆளைக் காலை 6 முதல் 11, மறுபடி மாலை 5 முதல் 10 என்று பிரித்துப் போடுவது பரவலான வழக்கம். கணக்கில் பத்து மணி நேர வேலைதான், ஆனால் அந்த மனிதருக்கு நாள் முழுக்கப் போய்விடுகிறது. உணவகத் தொழிலாளர்களின் வேலை நிலைமைக்கென்று தமிழ்நாட்டில் 1958இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. அதை ஆய்வாளர் வரும் நாளில் மட்டும் நினைத்தால் போதாது. ஓய்வில்லாத ஆள் பாலைப் பொங்கவிடுவார், பில்லை விடுவார், கையைச் சுட்டுக்கொள்வார். வார விடுமுறைக்கு மாற்று ஆளின் கூலியைத் தொடக்கத்திலேயே கணக்கில் வைத்துத்தான் இட்லிக்கு விலை போட வேண்டும்.

எதை விற்பது?

1982இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கசவானா, ஸ்மித் என்ற இருவர் மெனுவைப் படிக்க ஒரு வழி சொன்னார்கள். ஒவ்வொரு பண்டத்துக்கும் இரண்டே கேள்வி: அதிகம் விற்கிறதா, ஒன்றுக்கு அதிக ரூபாய் நிற்கிறதா? இரண்டும் உண்டென்றால் அதை முன்னே வைக்க வேண்டும். அதிகம் விற்று லாபம் குறைவென்றால் அளவையோ விலையையோ மெல்லத் தொட வேண்டும். லாபம் உண்டு, விற்பனை இல்லை என்றால் பெயர்ப்பலகையில், சப்ளையர் வாயில் அது வர வேண்டும். இரண்டும் இல்லாததை எடுத்துவிடலாம்.

நம் கடைகளுக்கு மூன்றாவது கேள்வி ஒன்றையும் சேர்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்: கல்லில் எத்தனை நிமிடம் கிடக்கிறது? காலை எட்டரை மணிக்குக் கடையில் தட்டுப்பாடான பொருள் அரிசியோ உளுந்தோ இல்லை, தோசைக்கல்லில் இடம். ரவா தோசை முறுக ஆகும் நேரத்தில் சாதா தோசை இரண்டு எடுத்துவிடலாம். ரவாவில் ஒன்றுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக நின்றாலும் கூட்ட நேரத்தில் அது நஷ்டம். அதனால்தான் சில கடைகளில் காலை 10 மணிக்கு மேல்தான் ரவா தோசை என்கிறார்கள். அது நல்ல கணக்கு.

செயலி வழி ஆர்டருக்குத் தனியாகக் கணக்குப் போடாமல் இறங்காதீர்கள். 100 ரூபாய் பண்டத்துக்கு உணவு 35, டப்பா 8, ஒப்பந்தக் கமிஷன் 22 என்றால் அதன் மேல் 18 சதவீத வரி 3.96. நிற்பது 31 ரூபாய். அதே பண்டம் மேசையில் 65 தந்தது. காலியாகக் கிடக்கும் மதியம் நாலு மணிக்கு அந்த 31 லாபம்தான். எட்டரை மணிக் கூட்டத்தில் மேசையில் இருப்பவரைக் காக்கவைத்துவிட்டு அதைச் செய்தால் கதை வேறு.

எங்கே தொடங்குவது?

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யப் போனால் மூன்றாம் நாள் நோட்டு மூலைக்குப் போய்விடும். முதல் வாரம் பின்வாசல் தராசும் பால் கணக்கும் போதும். அடுத்து, அதிகம் விற்கும் பத்துப் பண்டங்களுக்கு மட்டும் மாஸ்டரோடு உட்கார்ந்து அளவு எழுதுங்கள். கரண்டிகளை அந்த அளவுக்கு மாற்றுங்கள். கழிவுத் தொட்டியை ஒரு வாரம் வேளைக்கு ஒருமுறை நிறுத்து, எந்தப் பண்டம் அதிகம் திரும்புகிறது என்று பாருங்கள். சப்ளையர்களிடம் கேட்டால் நிறுக்கும் முன்பே பாதியைச் சொல்லிவிடுவார்கள், அவர்களை யாரும் கேட்பதில்லை.

மாதக் கடைசியில் சரக்கு எண்ணும்போது ஒன்றை மட்டும் மாற்றாமல் வைத்திருங்கள். எண்ணும் நேரம் ஒவ்வொரு மாதமும் ஒன்றாக இருக்கட்டும், இரவு கடை மூடிய பிறகு, மறுநாள் காய்கறி வந்து இறங்குவதற்கு முன். ஒரு மாதம் இரவிலும் அடுத்த மாதம் காலையிலும் எண்ணினால், ஒரு வண்டிக் காய்கறி இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ விழுந்து, இவ்வளவு உழைத்துப் போட்ட சதவீதம் இரண்டு புள்ளி தவறிப்போகும்.